டைனோசர் ஆய்வில் ஆர்வமுள்ள மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் தங்கள் மகள் டைனோசர் புதைபடிவங்களை ஆராயவே விரும்புகிறாள் என்றும், அதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். படிக்க வைக்கலாம். ஆனால் அந்த ஆய்வுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் நிலவியல், அதாவது ஜியாலஜி வழியாகவே செல்ல வேண்டியிருக்கும்.

இதற்கான காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தெலங்கானாவின் வடபகுதியில், பிராணஹிதா–கோதாவரிப் படுகையில், கோட்டா என்ற பாறைத்தொகுதி இருக்கிறது. அதைத் தொடக்க ஜுராசிக் காலத்தது, அதாவது பதினேழு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது, என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அங்கே போச்சம்பள்ளி என்ற சிற்றூருக்கு அருகில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் சுமார் 300 எலும்புகளைத் தோண்டி எடுத்தனர். குறைந்தது ஆறு விலங்குகளுக்கு உரிய அந்த எலும்புகளை ஆராய்ந்து, தாகூரின் பிறந்த நூற்றாண்டான 1961ஐ நினைவுகூரும் வகையில் அந்த டைனோசருக்குப் பாராபாசாரஸ் தாகோரி என்று 1975இல் பெயரிட்டனர். மண்டையோடு கிடைக்கவில்லை. சில பற்களே கிடைத்தன. எலும்புகளுடன் கல்லாகிப்போன பெரிய மரத்தண்டுகளும் கலந்து கிடந்ததால், இவற்றை ஒரு வெள்ளம் அடித்துவந்து குவித்திருக்க வேண்டும் என்று கருதினர். இத்தகைய முடிவுக்கு வர எலும்பைப் பற்றிய அறிவு மட்டும் போதாது. மணற்கல்லின் துகள் எவ்வளவு பருமன், களிமண் அடுக்கு எங்கே தொடங்குகிறது, ஒவ்வோர் எலும்பும் எத்திசை நோக்கிக் கிடக்கிறது என்பவற்றையெல்லாம், எலும்பைப் பெயர்த்தெடுப்பதற்கு முன்பே அளந்து வரைந்துகொள்ள வேண்டும். இந்தப் பயிற்சியை நிலவியல் வகுப்புதான் அளிக்கிறது.

அதே கோட்டாப் பாறைகளில் மீன்களும், மிகச் சிறிய பாலூட்டிகளின் பற்களும் கிடைத்திருக்கின்றன. அத்தகைய பற்களைக் காண, களிமண்ணை நீரில் கரைத்துச் சலித்து, எஞ்சிய துகள்களை நுண்ணோக்கியின் கீழ் நாள்கணக்கில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பொறுமை தங்கள் மகளிடம் இருக்கிறதா என்பதுதான், என் கருத்தில், மதிப்பெண்ணைவிட முக்கியமான கேள்வி.

வேலை பற்றிய கவலை நியாயமானது. முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் முடிய நீண்ட காலம் ஆகும்; டைனோசரை மட்டுமே ஆராயும் பணியிடங்களும் மிகக் குறைவு. எனினும் பாறை அடுக்குகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. நிலவியலில் முதுநிலை முடித்தவர்கள், மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் சேரலாம். நிலத்தடி நீர் வாரியத்துக்கான நீர்நிலவியலாளர்களும் அதே தேர்வின் வழியாகவே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எண்ணெய்த் துறைக்கும் இந்த அறிவு தேவை: ஆழ்துளையிலிருந்து வரும் பாறைத்துண்டில் உள்ள மிகச் சிறிய புதைபடிவங்களைக் கொண்டு அடுக்கின் வயதைக் கணிக்கிறார்கள். தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரியும் இதே கோதாவரிப் படுகையில், கோட்டாவை விடப் பழைய அடுக்குகளிலிருந்துதான் வெட்டப்படுகிறது. ஆய்விலேயே தொடர விரும்பினால், கொல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் பிரிவும், லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனமும் இருக்கின்றன.

கணிதத்தைக் கைவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். எலும்பின் அளவுகளை ஒப்பிட்டு ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய அது வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆண்டுதோறும் களப்பயணம் உண்டா, மாணவர்களே பாறை வரைபடம் தயாரிக்கிறார்களா, தொல்லுயிரியலைக் கற்பிக்க நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்பவற்றைத் துறைத்தலைவரிடம் நேரில் கேளுங்கள். கோட்டாவில் கிடைத்த மற்றொரு டைனோசரான கோட்டாசாரஸின் எலும்புக்கூடு ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன், இயலுமானால், மகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.