எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. நீரிழிவு உண்டு, இதயத் துடிப்புக் கோளாறுக்கு, இரத்தம் உறையாமலிருக்க, வார்ஃபரின் சாப்பிடுகிறார். இப்போது வார்டில் இருக்கிறார். மருத்துவர், தாதி, மருந்தாளர், உணவியல் நிபுணர் நால்வரும் "வீட்டில் என்ன மருந்து?" என்றே கேட்கிறார்கள். கீரை விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளவே மாட்டார்களா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பேசுகிறார்கள், சகோதரி. சந்தேகம் வந்தால் மருத்துவர் பெரும்பாலும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. பக்கத்தில் நிற்கும் மருந்தாளரைக் கேட்பார், அவர் தாதியைக் கேட்பார். உங்கள் வீட்டு அலமாரிக்குள் இருப்பது மட்டும் நால்வருக்குமே தெரியாது.

நான் மருந்தாளராக இருந்தபோது ஒரு பாட்டிக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. மருத்துவர் இன்சுலினைக் கூட்டினார். உணவியல் நிபுணர் சோற்றின்மீது பழிபோட்டார். நான் மாத்திரைகளை எண்ணினேன். மூன்றாம் நாள், தலையணைக்கடியில் ஒரு ஜாமு (மலாய் மூலிகை மருந்து) டப்பாவைத் தாதி கண்டெடுத்தார். மூட்டுவலிக்காம், "தெரிந்தவர்" ஒருவர் வார்டுக்கே வந்து விற்றிருக்கிறார்! இத்தகைய சரக்கில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி பறக்கும், சர்க்கரை ஏறும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அதனால் பயந்து குப்பையில் போடாதீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள்.

"இதில் எம்.ஏ.எல். (MAL) எண் இருக்கிறதே" என்று விற்கும் முகவர் வாதாடுவார். அந்த எண் பொருள் பதிவானது என்று மட்டுமே சொல்கிறது. இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. அப்பாவின் வார்ஃபரினோடு ஒத்துப்போகும் என்று அது எங்கும் சொல்லவில்லை. முறையாகப் பதிவான ஜின்கோ என்ற மூலிகை மருந்தும் இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டலாம். எண் அசலானாலும் கேட்டுவிட்டே கொடுங்கள்.

கீரையை அறவே நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று தினமும் குவிக்கவும் வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். வழக்கமான அளவு மாறாமலிருந்தால் போதும். ஆளுக்கொன்று சொன்னவர்களும் இதைத்தான் அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள்.

தனியார் கிளினிக் கோப்பு அரசு மருத்துவமனைக்குத் தானாக வந்துசேரும் என்று நம்பி இருக்காதீர்கள். பினாங்குத் தீவுக்கு 1985இல் ஒன்று, 2014இல் ஒன்று என இரண்டு பாலம் கட்டிவிட்டோம். கோப்புக்கு மட்டும் இன்னும் கடலைத் தாண்டத் தெரியவில்லை.

நாளைக்கே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வார்டு மருந்தாளரிடம் கொடுங்கள். முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தையும் விடாதீர்கள்: மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலத்தை நிறையத் தேய்த்தால் வார்ஃபரினின் வேகம் கூடிவிடும்.