நகரத்து இடங்கள் மக்கள் மனதில் எழுப்பும் உணர்ச்சியைக் கருவி வைத்து அளக்க முடியுமா?

பாதி அளக்கலாம். நீங்கள் கட்டடக்கலை மாணவர், ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இதற்கு மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். அது அளப்பது தோலின் மின்கடத்துதிறனை, அதாவது தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. மனம் கிளர்ந்தால் லேசாக வியர்க்கும், அளவு ஏறும். ஜிபிஎஸ்ஸோடு சேர்த்தால் எங்கே ஏறியது என்று வரைபடத்தில் தெரிந்துவிடும். ஏன் ஏறியது என்று தெரியாது. பயத்துக்கும் ஏறும், சந்தோஷத்துக்கும் ஏறும். கலைஞர் கிறிஸ்டியன் நோல்ட் 2004-இல் இந்த மாதிரி வரைபடங்களைத் தொடங்கியபோதே, நடந்தவர்களையே தங்கள் தடத்துக்குக் குறிப்பு எழுத வைத்தார்.

எனக்கு இது ஆறாத விஷயம். ஒரு பொதுச் சதுக்கத்தைச் சீரமைக்கும் திட்டத்தில், பட்டை கட்டியவர்களோடு நடந்து பேட்டி எடுப்பது என் வேலை. வரைபடத்தில் மிகச் சிவப்பாக, அதாவது அளவு மிக ஏறிய இடமாக, இருந்தது மரத்தடி பெஞ்ச். 'பதற்றப் புள்ளி, எடுத்துவிடலாம்' என்றார்கள் திட்டத்தை நடத்தியவர்கள். நான் கேட்டு எழுதியது வேறு. ஒரு மூதாட்டி அங்கே பழைய தோழியைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். ஒரு பையன் மேல் நாய் பாய்ந்திருக்கிறது. இன்னொருவர் பக்கத்துப் படிக்கட்டில் வேகமாக ஏறி வந்தவர், அவ்வளவுதான். 'இதையெல்லாம் பின்னிணைப்பில் போடுங்கள்' என்றார்கள். பெஞ்ச் போய்விட்டது.

நான் கருவிக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். 2011-இல் நியூயார்க்கில் உளவியல் ஆய்வாளர் காலின் எல்லார்ட் இதே மாதிரிப் பட்டையோடு ஆட்களை நடக்கவிட்டார். நீளமான வெற்றுச் சுவருக்கு முன் அளவு இறங்கியது, சின்னச் சின்னக் கடைகள் இருந்த வரிசையில் ஏறியது. சலிப்பை எண்ணாகக் காட்டியது பெரிய விஷயம். அவரும் கூடவே கைபேசியில் கேள்வி கேட்டுத்தான் பதில் வாங்கினார்.

ஆனால் இந்தத் துறையில் வண்ண வரைபடம் போட்டவர் பெயர் அறிக்கையின் அட்டையில் வரும். வெயிலில் கூட நடந்து கேட்டு எழுதியவர் பெயர் நன்றியுரையில்கூட வராது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் செய்வதானால் வெயில், வழியின் மேடு, நடை வேகம் மூன்றையும் குறித்து வையுங்கள், அவற்றாலும் வியர்க்கும். தோல் ஓரிரண்டு நொடி தாமதமாகத்தான் பதில் சொல்லும். அதற்குள் ஆள் சில அடி தள்ளிப் போயிருப்பார், புள்ளியும் தள்ளி விழும். அப்புறம், நடந்து முடித்த கையோடு வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். மறுநாள் கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பதற்கு மேல் எதுவும் வராது.