பி0087 வந்தால் ஹை பிரஷர் பம்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கம்பெனி டீசல் பிக்கப் சுமையோடு பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0087. வொர்க்‌ஷாப்பில் ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் ரெயிலில், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்து தரும் குழாயில், வரவில்லை என்பதுதான் அந்தக் கோடின் பொருள். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. சிங்கப்பூர் துவாஸில் லாரி, பிக்கப் பராமரிப்புதான் என் வேலை. புது பம்ப் போட்ட பிறகும் அதே கோளாறோடு திரும்பி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வயிறு எரியும்.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பல வண்டிகளில் டாங்கிக்குள் மின்பம்ப் கிடையாது. ஹை பிரஷர் பம்புக்குள் இருக்கும் சிறிய ஃபீட் பம்ப்தான் டீசலை உறிஞ்சி இழுக்கிறது. அதனால் அந்தப் பாதையில் விரிசல் விழுந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். பையில் கட்டித் தரும் தே பெங்கில் (ஐஸ் டீ) ஸ்ட்ரா கீறியிருந்தால் எப்படி வருமோ, அப்படித்தான். ஈரத்தைத் தேடிக் குனிந்து பார்த்துப் பயனில்லை.

முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், அடியில் தேங்கிய தண்ணீரை இறக்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், அரை டாங்கியோடு நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்குள் தண்ணீர் சேரும். கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வந்தால் டீசலில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது, டாங்கியையே கழுவ வேண்டும்.

அப்புறம் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் குழாய் ஒன்றை மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குமிழிகள் தொடர்ந்து ஓடினால் காற்று நுழைகிறது. ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பையும் ஹோஸ் இணைப்புகளையும் முதலில் சந்தேகியுங்கள். குமிழி இல்லாவிட்டாலும், சுத்தமான டீசல் உள்ள தனிக் கேனிலிருந்து பம்புக்கு நேராக ஊட்டிப் பாருங்கள். ஸ்கேனரில் கேட்ட அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஒட்டிப்போக ஆரம்பித்தால் பம்ப் நிரபராதி. டாங்கி வடிகட்டி, குழாய், ஃபில்டர், இவற்றில்தான் கோளாறு.

அப்படியும் அழுத்தம் ஏறவில்லை என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் (பீச்சாமல் திரும்பி வரும் டீசல்) சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரெயிலின் பிரஷர் லிமிட்டர் வழியாக டீசல் திரும்பி ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். டென்சோ கம்பெனி பம்ப் என்றால், உள்ளே போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வை மட்டும் தனியாக மாற்றலாம். ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குவதும், சூடானதும் எஞ்சின் அணைவதும் அது சிக்குவதற்கான அறிகுறி.

எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் குழாயை மட்டும் தயவுசெய்து தளர்த்தாதீர்கள். ஐடிலிலேயே 300 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புள்ளி அளவு காயம்தானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஃபில்டரிலோ வால்வு கழற்றிய இடத்திலோ மினுமினுக்கும் இரும்புத் தூள் கிடந்தால் சரி, பம்ப் போய்விட்டது. அப்போது பம்போடு நிறுத்தினால் புதுசும் நிலைக்காது. ரெயில், இன்ஜெக்டர், குழாய், டாங்கி வரைக்கும் அந்தத் தூள் போயிருக்கும், அத்தனைக்கும் சேர்த்து விலை கேளுங்கள்.