பாக்கெட் பரோட்டா ஏன் வறட்டியாகிறது?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போவதால் ராத்திரிக்கு ஃப்ரீசர் பரோட்டா வாங்கி வைக்கிறேன். சுட்டால் வறட்டி மாதிரி வருகிறது. தினமும் சால்னா வைக்க நேரமில்லை. மாமியாருக்குச் சர்க்கரை வேறு. என்ன செய்யலாம்?

பதில்: சாயங்காலமே பாக்கெட்டை வெளியே எடுத்து வைத்துவிடுகிறீர்களா? அங்கேதான் பாதி கெடுகிறது. பரோட்டாவில் மடிப்புக்கு மடிப்பு கொழுப்பு தடவியிருக்கும். குளிர் விட்டால் அது இளகி, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் நேரே காய்ந்த தோசைக்கல்லில் போடுங்கள். எண்ணெய் வேண்டாம், உள்ளே இருப்பதே கசியும். தீ மிதமாக இருக்கட்டும். சிம்மில் வைத்தால் சிவப்பதற்குள் ஈரமெல்லாம் போய் விறைத்துவிடும். இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் இரண்டு மூன்றை அடுக்கி, ஒரு துணியைப் போர்த்தி, ஓரங்களில் இரு கையாலும் உள்நோக்கித் தட்டுங்கள். கடையில் பட்பட்டென்று அடிப்பது இதற்குத்தான், மடிப்பு பிரியும்.

சால்னாவை விடுங்கள், கொத்துப் பரோட்டா போடலாம். நம்ம ஊர் வீட்டில் மத்தியானக் கோழிக் குழம்பு கொஞ்சமாவது மிஞ்சும். சுட்ட பரோட்டாவை ஆறவிட்டுப் பிய்த்துக்கொள்ளுங்கள். சூடாகப் பிய்த்தால் களியாகும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி உதிர்த்து, ஒரு கரண்டிக் குழம்பை விட்டுக் கெட்டியாகும் வரை வற்றவிடுங்கள். அப்புறம்தான் பரோட்டா. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பால் கொத்தினால் போதும். சோம்பு, பட்டை, கல்பாசி எல்லாம் குழம்பிலேயே இருப்பதால் மசாலாத்தூளைத் தொடாதீர்கள். உப்பும் கடைசியில் ருசி பார்த்துத்தான், ஏனென்றால் பாக்கெட்டிலேயே உப்பு இருக்கிறது.

சைவ நாளில் கத்திரிக்காயைப் புளிவிட்டுச் செய்யும் கோசமல்லி. இடியாப்பத்துக்கு மட்டும்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் புளிப்பு, பரோட்டாவின் எண்ணெய்ப்பசையை நன்றாக வெட்டும்.

மாமியாருக்கு மைதா பரோட்டா வேண்டாம். கோதுமைப் பரோட்டா என்று போட்டிருந்தாலும் பின்பக்கம் பாருங்கள். சேர்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகத்தான் அச்சிட வேண்டும். முதலில் மைதா இருந்தால் பெயரை நம்பாதீர்கள். அரைவேக்காட்டுச் சப்பாத்தியில் முழுக்கோதுமை மாவு மட்டும் உள்ளதாக வாங்கி, இரண்டோடு நிறுத்தி, பருப்பும் பொரியலும் தாராளமாக வையுங்கள். அளவை அவருடைய டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்திக்குக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், உப்பியதும் எடுத்துவிடுங்கள். பாக்கெட்டில் ஒன்றில் பூஞ்சை தெரிந்தாலும் முழுசையும் தூக்கிப் போடுங்கள்.

கடையில் வாங்கிய பரோட்டா மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் அல்லாத தட்டுகளில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவு சீக்கிரம் விறைக்கும். காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்; எடுத்ததும் தண்ணீர் தெளித்து மூடிபோட்டுச் சுடலாம். நெடுநேரம் கரண்ட் போய் பாக்கெட் பரோட்டா இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள். தொட்டால் இன்னும் ஜில்லென்று இருந்தால் அன்று ராத்திரியே கொத்திவிடுங்கள்.