டீச்சரைக் கேளுங்கள்: சின்னக்கடை வீதியில் ஒரு ஓவியர்

கேள்வி: டீச்சர், நான் சேலம் அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவள். 6 வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு, இப்போது ஊருக்கே வந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். போன மாதம் இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் வந்தது. சின்னக்கடை வீதியில் ஒருவர் உட்கார்ந்து பூக்காரர்களை வாட்டர் கலரில் வரைகிறார். பெங்களூரில் சித்திரச் சந்தைக்கெல்லாம் போயிருக்கிறேன். நம் ஊரில் இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. நேரில் போய்ப் பார்க்கலாமா? மெசேஜ் அனுப்பினால் தப்பாக நினைப்பாரா? சேலத்தில் இன்னும் யார் யார் வரைகிறார்கள், எப்படித் தேடுவது?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: என்னிடம் ஓவிய வகுப்பில் படித்த பிள்ளைகளின் வயதுதான் உனக்கும் இருக்கும். நீ என்றே சொல்கிறேன், கண்ணு.

உன் கடிதம் வந்த வாரமே, நீ அனுப்பிய ரீலில் பின்னால் தெரிந்த கடை போர்டை அடையாளம் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை நானே கிளம்பிப் போனேன். பூட்டிய பாத்திரக்கடையின் படியில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, அதில் நாலு பக்கமும் டேப் ஒட்டிய தாள், பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர். எதிரே ஓர் அம்மா மல்லிச்சரத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தார். வாழை இலையின் பச்சை வந்துவிட்டது, கனகாம்பரமும் வந்துவிட்டது. மல்லியை மட்டும் தம்பி தொடவே இல்லை.

வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். எங்கே பூசக் கூடாது என்பதைப் பிரஷ்ஷை நனைக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சரத்தின் அடியில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய நிழல் ஒன்றை ஓடவிட்டார். அவ்வளவுதான், மல்லி தாளிலிருந்து எழுந்து வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரீலில் கை பரபரவென்று ஓடி நொடியில் படம் முடிந்துவிடுகிறது. நேரில் பாதி நேரம் அவர் கை சும்மா இருந்தது, ஈரம் காய்வதற்காக. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைப் பார்க்கவாவது நீ போக வேண்டும்.

மெசேஜ் அனுப்புவதில் தப்பே இல்லை. ஆனால் ‘சூப்பர்’ என்று மட்டும் அனுப்பாதே. எந்தப் படம், அதில் எது பிடித்தது என்று எழுது. அடுத்து எங்கே வரைகிறீர்கள், வந்து பார்க்கலாமா என்று கேள். தயக்கமாக இருந்தால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போ. படம் வாங்க ஆசை இருந்தால் விலையை நேராகவே கேட்டுவிடு. கட்டுப்படியானால் வாங்கு. இல்லையென்றால் சின்ன அளவில் ஏதாவது இருக்கிறதா என்று கேள். பேரம் மட்டும் வேண்டாம். நல்ல பருத்தித் தாளும் டியூப் கலரும் என்ன விலை விற்கின்றன என்று கடையில் ஒரு தடவை விசாரித்துப் பார், பேரம் பேச வாய் வராது. லைக் போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று அந்தத் தம்பி சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, மற்றவர்களைத் தேடுவது. வெறுமனே சேலம் என்று ஆங்கிலத்தில் போட்டால் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலமும் ஓரிகனில் இருக்கும் சேலமும் வந்து நிற்கும். செவ்வாய்ப்பேட்டை, குகை, அஸ்தம்பட்டி, ஏற்காடு என்று இடத்தின் பெயரைப் போட்டு, தமிழிலும் எழுதித் தேடு. இன்னொரு வழி இதைவிட நல்லது. அந்தத் தம்பியை யார் பின்தொடர்கிறார்கள் என்பதை விட்டுவிடு, அவர் யாரைப் பின்தொடர்கிறார் என்று பார். வரைகிறவருக்குத்தான் வரைகிறவரைத் தெரியும். நான் அப்படித் தேடியதில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் கிடைத்தார்கள். அதில் ஒரு பெண் வெள்ளிப் பட்டறைகளில் உட்கார்ந்து கொலுசு செய்கிறவர்களின் கைகளை மட்டுமே வரைகிறாள். தெருவில் உட்கார்ந்து வரைகிறவர்கள் இப்படி இணையத்தில் ஒன்று சேர்வது புதிதும் இல்லை. அர்பன் ஸ்கெச்சர்ஸ் என்று இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் கூட்டம், 2007இல் சியாட்டிலில் கேப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் இணையத்தில் தொடங்கியதுதான்.

அப்புறம், ‘இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது’ என்றாயே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு எழுதியவர். நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, நடுவில் இழுத்துச் சுண்டுவார். தகரத்தின் மேல் நூல் பிடித்தது போல வெள்ளைக் கோடு விழும். இடது கையில் ஒரு குச்சி, அதன் மேல் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு ‘ஜவுளி’ என்பதில் உள்ள ‘ஜ’வை ஒரே மூச்சில் சுழிப்பார். ஃபிளக்ஸ் வந்த பிறகு பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. 1935இல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கிய ஊர் இது. இன்று ஏற்காடு ரோட்டில் அதன் வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் அரசு ஓவியக் கல்லூரியில் படிக்க இன்னமும் நம் பிள்ளைகள் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோதான் போக வேண்டும். இங்கே ஆட்களுக்கு எப்போதும் குறைவில்லை கண்ணு, போய்ப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

அதனால் கடைவீதிக்குப் போகும்போது பழைய போர்டுகளின் கீழ் மூலையைப் பார். ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் ஒரு பெயர் பொடி எழுத்தில் இருக்கும். படம் எடுத்து, தெருப் பெயரோடு போடு. ஆடித் திருவிழாவுக்குக் குகையில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையைப் பார்க்கப் போனால், சாமி வேஷம் போட்டவர்களைப் படம் எடுப்பதோடு நிற்காதே. அந்த முகத்துக்கு வர்ணம் எழுதியவர் யார் என்று கேட்டு, அவர் பெயரையும் சேர்த்துப் போடு.

கேள்வி: 8ஆம் வகுப்பு படிக்கும் என் மகன் நன்றாக வரைவான். படத்தைப் போனில் போட்டுவிட்டு, லைக் குறைந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். என்ன செய்வது?
– வாசகர், ஓமலூர்

பதில்: கொஞ்ச நாளைக்குப் படங்களைப் போனில் போட வேண்டாம், நோட்டிலேயே இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை அவனைத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். அங்கே ராமர் சிற்பம் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் இன்னொரு தூணில் வாலி தெரிவார், வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். இரண்டு இடத்திலும் உட்கார்ந்து பென்சிலில் வரையச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், கூடவே உட்காருங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.