டாக்டரிடம் மகள்தான் பேசினாள்

கேள்வி: 7 ஆண்டுகளாக பாங்காக்கில் ஒரு ரத்தினக்கல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். மனைவியும் 9 வயது மகளும் இங்கே வந்து 6 ஆண்டாகிறது. மனைவிக்கு இன்னும் இந்த ஊர் ஒட்டவில்லை. 'திருநெல்வேலிக்கே போய்விடலாம்' என்று எந்நேரமும் புலம்பல். நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. நீச்சல் குளத்தோடு அடுக்குமாடிக் கான்டோ வீடு. விடுமுறை கிடைத்தால் ஹுவா ஹின், சியாங் மாய், கிராபி என்று அழைத்துப் போகிறேன். நவராத்திரிக்கு சீலோம் மாரியம்மன் கோயிலுக்கும் தவறாமல் போகிறோம். எனக்கு ஆங்கிலத்திலேயே வேலை நடந்துவிடுகிறது. மகள் இங்குள்ள பள்ளியில் படித்து, இந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே பேசுகிறாள். போன மாதம் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் தெருமுனை கிளினிக்குக்குப் போனபோது, மகளே டாக்டரிடம் எல்லாம் பேசி மருந்து வாங்கி வந்துவிட்டாள். அவ்வளவு கெட்டிக்காரி. இன்னும் 3 ஆண்டு இருந்தால் ஊரில் வீட்டுக் கடன் தீர்ந்துவிடும். மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வேண்டாம், பாங்காக்

பதில்: கிளினிக்குக்கு அவர்கள் இருவரும் போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், தம்பி? கடிதத்தில் அது இல்லை. நீச்சல் குளம் இருக்கிறது, கிராபி இருக்கிறது, கடன் பாக்கி இருக்கிறது. மனைவிக்கு என்ன உபாதை என்பதுகூட இல்லை. 'உடம்பு சரியில்லாமல்' என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்ன உபாதை என்று உங்களுக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மனைவிக்கு வெளிநாடு ஒட்டவில்லை என்று கணவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்குப் பல ஊர்களிலிருந்து வருகின்றன. எல்லாவற்றிலும் இந்த வசதிப் பட்டியல் இருக்கும். நீங்கள் நல்ல கணவர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது இப்போது வேண்டாம். நீங்கள் பெருமையாக எழுதிய அந்தக் கிளினிக் விஷயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முப்பது, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உடம்பு முடியாமல் போய் உட்கார்ந்தால் டாக்டர் என்னென்ன கேட்பார்? கடைசியாக மாதவிலக்கு எப்போது, ரத்தப்போக்கு அதிகமா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, முன்பு கரு கலைந்திருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. இந்தக் கேள்விகளை உங்கள் மகள் தாய்லாந்து மொழியில் கேட்டு, அம்மாவிடம் தமிழில் சொல்லி, அம்மா சொன்னதை மறுபடி டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வயதில். அப்படி நடந்திருந்தால், அந்தக் குழந்தை கேட்கக்கூடாத வயதில் கேட்கக்கூடாததைக் கேட்டிருக்கிறாள். நடக்கவில்லை என்றால், உங்கள் மனைவி மகள் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டு, 'தலைவலி, வயிற்றுவலி' என்று எதையோ சொல்லிவிட்டு உண்மையான நோவோடு வீடு திரும்பியிருக்கிறார். இதில் எது நடந்தது என்று நீங்கள் கேட்டீர்களா?

மருந்து விஷயம் இன்னும் மோசம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை வேளை, எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்பதெல்லாம் அந்தக் குழந்தையின் ஞாபகத்தை நம்பி நடந்திருக்கிறது. பள்ளி மைதானத்தில் கற்ற மொழி அது. விளையாடவும் சண்டை போடவும் அது போதும். மருந்து ஒவ்வாமை என்பதை அவளுக்குத் தமிழிலேயே சொல்லத் தெரியாதே, தம்பி! பாங்காக்கில் டாக்டர்கள் பலருக்கு ஆங்கிலம் தெரியும். பெரிய தனியார் மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரையே வைத்திருக்கிறார்கள். நீங்கள் அரைநாள் விடுப்பு எடுத்திருக்கலாம். அலுவலகத்தில் இருந்தபடியே போனில் டாக்டரோடு ஆங்கிலத்தில் பேசியிருக்கலாம். எதுவும் செய்யாமல், பிள்ளை கெட்டிக்காரி என்று எழுதுகிறீர்கள்.

கெட்டிக்காரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் செய்தது உங்கள் வேலை. மனைவியின் நோவை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது கணவனின் கடமை. அவரே எடுத்துச் சொல்லும்படி வழி செய்துகொடுப்பது அதைவிடப் பெரிய கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கிளினிக் மட்டும்தானா? வீட்டுக்காரர் வாடகை பற்றிப் பேச வந்தால் யார் பேசுகிறார்கள்? ஏசி பழுதுபார்க்க வந்தவரிடம்? பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு டீச்சர் பேசும்போது, அந்த டீச்சர் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லும் குறையை அம்மாவுக்கு யார் மொழிபெயர்க்கிறார்கள்? அவளேதானே. எந்தக் குழந்தை தன் குறையைத் தானே முழுதாகச் சொல்லும்? இன்னும் நாலு வருடத்தில் அவளுக்குப் பதின்மூன்று வயது. கடை வாசலில் அம்மா தடுமாறினால் அப்போது அவளுக்கு எரிச்சல் வரும். தோழிகள் முன்னால் அம்மாவை ஒதுக்குவாள். அம்மா 'போகக்கூடாது' என்று சொன்னால், 'உனக்கு என்ன தெரியும்' என்பாள். இப்படி வளர்ந்த பிள்ளைகளின் அம்மாக்களும் எனக்கு எழுதுகிறார்கள். வீட்டில் தாய் தாயாக இருக்க வேண்டும், பிள்ளை பிள்ளையாக இருக்க வேண்டும். அந்த இடம் மாறிவிட்டால் பிறகு நீங்கள் எத்தனை கடன் அடைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது உங்கள் மனைவியின் புலம்பலுக்கு வருகிறேன். சுற்றிக் காட்டுகிறேன் என்கிறீர்கள். கிராபியில் படகுக்காரரிடம் பேசுவது யார்? ஹுவா ஹின்னில் ஓட்டல்காரரிடம் பேசுவது யார்? நீங்கள், இல்லையென்றால் மகள். அவர் சும்மா கூட வருகிறார். ஊர் சுற்றுவது வேறு, ஊரில் வாழ்வது வேறு. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நீங்கள் அலுவலகத்தில், மகள் பள்ளியில் இருக்கும்போது அந்தக் கான்டோவில் அவர் என்ன செய்கிறார்? மணி நான்கு ஆகும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச வழியில்லாத வீட்டில் ஆறு வருடம் இருந்து பாருங்கள். திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்பதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்மா, பயத்தில் மகளை முன்னால் அனுப்பிவிட்டீர்கள். பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆறு வருடம் அதிகம். இனிமேல் அவள் பின்னால் நிற்காதீர்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். முதலில் மொழி, இருவருக்கும். ஏழு வருடம் ஒரு ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அந்த ஊர்ப் பாஷையில் நாலு வாக்கியம் தெரியாமல் இருப்பதை நான் மரியாதையாக நினைக்கவில்லை. 'ஆங்கிலத்திலேயே நடந்துவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்துவிடுகிறது, அதனால் மனைவிக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று ஆறு வருடம் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து பேச்சுமொழி மட்டும் சொல்லித்தரும் பெண் ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள். எழுத்து பிறகு வரட்டும். தமிழ் வழியில் படித்தவருக்கு இது எட்டாத மொழி இல்லை. நம் குறில், நெடில் மாதிரி அங்கேயும் உயிரின் நீளம் மாறினால் சொல்லே மாறும், அந்தக் காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆளுக்குத் தகுந்தபடி, காலத்துக்குத் தகுந்தபடி வினைச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. கஷ்டம் என்றால் ஐந்து வகைத் தொனிதான், குரலை ஏற்றி இறக்குவதில் சொல்லே மாறிவிடும். அதைப் புத்தகத்தில் கற்க முடியாது, ஆள் வேண்டும், தினமும் பேச வேண்டும்.

பேசுவதற்கு சந்தையைவிட நல்ல இடம் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் வாயைத் திறக்காமலே பொருள் வாங்கிவிடலாம் என்பதால் உங்கள் மனைவி அங்கேதான் போய்க்கொண்டிருப்பார். தெருவோரக் காலைச் சந்தைக்குப் போகச் சொல்லுங்கள். முருங்கைக்காய் இருக்கும், அங்கே அதை மரும் என்பார்கள். வாழைப்பூ இருக்கும், அகத்திப்பூ இருக்கும், தம்லுங் என்ற பெயரில் நம் கோவைக்கீரை கட்டுக்கட்டாக இருக்கும். திருநெல்வேலிப் பெண்ணுக்கு இதையெல்லாம் எப்படிச் சமைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். விற்பவரை எப்படிக் கூப்பிடுவது என்ற கவலையும் இல்லை. நாம் அக்கா, அத்தை, தம்பி என்று முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவது போலவே அவர்களும் கூப்பிடுகிறார்கள். தன்னைவிட மூத்தவர் என்றால் பீ, இளையவர் என்றால் நோங், அம்மாவைவிட மூத்த பெண்மணி என்றால் பா. வாக்கியக் கடைசியில் பெண்கள் மரியாதைக்கு 'கா' சேர்க்க வேண்டும், ஆண்கள் 'க்ராப்' சேர்க்க வேண்டும். எண்களும் 'எவ்வளவு' என்பதும் தெரிந்தால் முதல் வாரம் ஓடிவிடும். ஒரே கடையில் பத்து நாள் தொடர்ந்து கீரை வாங்கினால் பதினோராவது நாள் அந்தப் பெண்மணியே பேச்சுக் கொடுப்பார். அப்புறம் உங்கள் வீட்டில் புலம்பல் எவ்வளவு குறைகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

மாரியம்மன் கோயிலுக்கு வருடத்துக்கு ஒருமுறை நவராத்திரி நெரிசலில் கூட்டிப் போவது போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாங்காக்குக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. இன்று தாய்லாந்துக்காரர்கள்தான் அங்கே மாலையும் தேங்காயுமாக நிறைந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர் தனியாகப் போகட்டும். வான்ரயிலில் சுராசக் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். முதல் தடவை கூடவே போய் வழி காட்டுங்கள், இரண்டாம் தடவை போகாதீர்கள்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் கேட்கிறேன். உங்கள் மனைவியும் மகளும் உங்களைச் சார்ந்தவர்கள் என்ற விசாவில்தானே இருக்கிறார்கள்? நாளை உங்கள் வேலை போனால் உங்கள் தங்கும் அனுமதியோடு அவர்களுடையதும் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியுமா? 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம் என்று தெரியுமா? ஊரில் ஒரு சாவு என்று திடீரென்று கிளம்ப நேர்ந்தால், திரும்பி வர அனுமதி முத்திரை வாங்காமல் நாட்டைவிட்டுப் போனால் இருக்கும் அனுமதி ரத்தாகிவிடும் என்று தெரியுமா? ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட் கட்டணம். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா? ராத்திரி உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸுக்கு 1669 என்று அவர் அழைக்க வேண்டும், வீட்டு முகவரியைத் தாய்லாந்து மொழியில் சொல்ல வேண்டும். இப்போதைக்கு அதையும் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குழந்தைதான் செய்ய வேண்டியிருக்கும். அந்த முகவரியை இந்த வாரமே அவருக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

மகளிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டும். அவளைத் திட்டிவிடாதீர்கள், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அன்று டாக்டர் என்ன கேட்டார், அவளுக்கு எது புரியவில்லை, பயமாக இருந்ததா என்று பொறுமையாகக் கேளுங்கள். அம்மாவுக்கு உதவியதற்கு நன்றி சொல்லுங்கள். இனி அந்த வேலை அப்பாவுடையது என்றும் சொல்லுங்கள். கடையில் ஒரு சொல் தெரியாமல் அம்மா அவளைக் கேட்டால் சொல்லித் தரட்டும், அது சந்தோஷம். மருத்துவம், பணம், பள்ளிக்கூடம், விசா, இந்த நான்கிலும் அவள் வாய் திறக்கக்கூடாது.

இதையெல்லாம் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் மனைவி ஊருக்குப் போக வேண்டும் என்றால், அப்போது அதை யாரும் புலம்பல் என்று தள்ளக்கூடாது. ஊரைப் பார்த்துப் பழகியவர் எடுக்கும் முடிவு அது. குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம், அதனால் அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் அங்கே தனியாக இருக்கும் யோசனையை நான் சொல்ல மாட்டேன். மூவருமே கிளம்புங்கள். அங்கே பள்ளி ஆண்டு மே மாதம் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, நம் ஊரில் ஜூனில் பள்ளி திறக்கிறது, மகளுக்குப் படிப்பு கெடாது. வீட்டுக் கடன் மூன்று வருடத்துக்குப் பதில் ஆறு வருடம் ஆகும். ஆகட்டும். வங்கியில் பேசித் தவணையை நீட்டிக்கொள்ளுங்கள்.