தாத்தா வண்டியும் பந்தய ஆசையும்

கேள்வி: தாத்தா ஓட்டிய 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, தோப்புக் கொட்டகையில் 15 வருஷமாக நிற்கிறது. இன்ஜினைத் தயார் செய்து கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ ட்ராக்கில் பந்தயம் ஓட்ட ஆசை. வேலையை எதிலிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இன்ஜினை இப்போதைக்குத் தொடாதீங்க தம்பி. எல்லோரும் அங்கேதான் கை வைக்கிறார்கள். அந்த 948 சி.சி. இன்ஜின் சாது. ஸ்பேர் கிடைக்காவிட்டாலும் கோயம்புத்தூர் லேத்காரர் கடைந்து கொடுத்துவிடுவார்.

முதலில் பானட்டைத் திறங்க. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடி பிளக் கழற்றலாம். மெக்கானிக்கின் இடுப்பை நினைத்துச் செய்த கார் இது ஒன்றுதான். பார்த்து ரசித்துவிட்டு, சாக்கை விரித்து அடியில் படுங்க. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், அதாவது பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்க. ‘ணங்’ என்றால் பிழைத்தது. ‘பொத்’ என்றால் உள்ளே துரு தின்றுவிட்டது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டும். பட்டி பூசி மறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை பாருங்க.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர் கப் (பிரேக் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர்), ஹோஸ் எல்லாம் புதுசாகப் போடணும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 1984-ல் சென்னை பக்கத்துச் சோழவரத்தில், பழைய விமான ரன்வேயில் பிராக்டிஸ் ஓட்டும்போது பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. பழைய ஸ்டாக்கில் பாக்கெட் பிரிக்காத கப் கிடைத்ததே என்று மகிழ்ந்து நானே மாட்டியதுதான். பாக்கெட் புதுசு, ரப்பர் முற்றி வறட்டி மாதிரி ஆகியிருந்தது. ரன்வே அகலமாக இருந்ததால் இன்று உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

பெட்ரோல் லைனையும் விடாதீங்க. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ஹோஸையும் பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரம் சவ்வையும் ஊறவைத்து இளக்கிவிடும். ஈரத்தையும் இழுக்கும். மாசக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்க.

இனி உங்கள் பந்தய ஆசை. இந்த வண்டியின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸிலில் தொங்குகின்றன, அதாவது அச்சு மேலும் கீழும் ஆடும்போது சக்கரமும் கூடவே சாயும். வேகமாக வளைவில் புகுந்து, நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி சுழலும். கரி ட்ராக் 2.1 கிலோமீட்டர்தான், அதற்குள் எத்தனை வளைவு என்று போய் எண்ணிப் பாருங்க. பந்தயத்துக்கு ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) போட பாடியைத் துளைத்து வெல்டு பண்ண வேண்டும். ஆனால் 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் கொண்டுவந்த ‘வி.ஏ.’ என்ற விண்டேஜ் பதிவு நம்பர் வேண்டுமென்றால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் பழையபடியே இருக்கணும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த நம்பரில் கண்காட்சி, விண்டேஜ் ராலி என்று போகலாம், தினசரி ஓட்ட முடியாது.

ஆக இரண்டில் ஒன்றுதான். என்னைக் கேட்டால் தாத்தா வண்டியைத் தாத்தா வண்டியாகவே விடுங்க. பந்தயத்துக்கு அடிபட்ட மாருதி எஸ்டீம் ஒன்று தேடுங்க, நம் ஊர்ப் பந்தயங்களில் நெடுங்காலம் ஓடிய குதிரை அது. மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் லைசென்ஸ் எடுங்க. இடித்தாலும் வீட்டில் யாரும் அழமாட்டார்கள்.

கேள்வி: சோழவரத்தில் இப்போதும் கார் பந்தயம் உண்டா? அப்பா அடிக்கடி சொல்வார்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை அம்மா. அது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1990-ல் சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்ததும் பந்தயம் அங்கே போய்விட்டது. அப்பாவை அங்கே கூட்டிப் போங்க. ‘சோழவரம் மாதிரி வராது’ என்பார், சண்டை போடாதீங்க.